சாப், ஃபோர்ட் காலத்து வால்வோ, ஜீலி காலத்து வால்வோ: அக்கா மகளுக்கு எந்தக் கார்?

அக்கா மகளுக்கு இந்த வருஷம் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஓர் அரசு மருத்துவமனையில் கம்யூனிட்டி சர்வீஸ், அதாவது மருத்துவப் படிப்பு முடித்தவர்கள் செய்யவேண்டிய கட்டாய ஒரு வருஷப் பணி. வீடு டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில். போக எண்பது கிலோமீட்டர், வர எண்பது. இரவுப் பணி முடிந்தால் விடிகாலையில் என்3 சாலையில் தனியாக இறங்கி வரவேண்டும். டர்பன் துறைமுகத்துக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் நடுவே ஓடும் சரக்கு லாரிகள் எல்லாம் அந்தச் சாலையில்தான். கீ ரிட்ஜ் பக்கம் மூடுபனி இறங்கினால் முன்னால் போகும் லாரியின் பின்விளக்குகூடத் தெரியாது. 2013 செப்டம்பரில் பைன்டவுன் அருகே ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் ஒரு லாரி ரோபோட் (போக்குவரத்து சிக்னலுக்கு எங்கள் ஊர்ப் பெயர்) அருகே மினிபஸ் டாக்ஸிகள் மேல் பாய்ந்து 24 பேர் இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. இந்த நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 12,000 பேர் சாலையில் சாகிறார்கள்.

அதனால் அவள் "மாமா, எந்தக் கார் வாங்கட்டும்?" என்று கேட்டபோது மைலேஜ் கணக்கு, நிறம் எல்லாம் எனக்கு மனசில் வரவில்லை. நான் இருபது வருஷத்துக்கு மேல் டர்பனில் வாகன இன்சூரன்ஸ் அசெசராக வேலை பார்த்தவன். மோதிய காரைப் பேனல் பீட்டர் பட்டறையில் போய்ப் பார்த்து, சரிசெய்யலாமா, கழித்துவிடலாமா என்று எழுதிக்கொடுப்பது என் தொழில். காரின் வெளித்தோலைவிட உள்ளே இருக்கும் எலும்பைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கதவுக்கு நடுவில் நிற்கும் தூண் எங்கே மடிந்தது, கால் வைக்கும் இடம் எவ்வளவு உள்ளே வந்தது, சீட் பெல்ட் எந்த இடத்தில் பிடித்தது, இதையெல்லாம் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்.

அவள் முன்னால் மூன்று கார்கள் இருந்தன. முதலாவது, ரிசர்வாயர் ஹில்ஸில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் 2007 மாடல் சாப் 9-3. அத்தானின் நெடுநாள் நண்பர் அவர். காரைக் குழந்தை மாதிரி வைத்திருக்கிறார், விலையும் மிகக் குறைவு. இரண்டாவது, முதல் தலைமுறை வால்வோ எக்ஸ்சி60, கிடைக்கிற வருஷத்தைப் பொறுத்து 2010 முதல் 2017 வரை ஏதாவது ஒன்று. மூன்றாவது, 2019 வாக்கில் வந்த வால்வோ எக்ஸ்சி40. இதற்கு வங்கிக் கடன் வேண்டும், கையைக் கடிக்கும்.

அத்தான் இசிப்பிங்கோ பக்கத்துப் பிராஸ்பெக்டன் டொயோட்டா ஆலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அவர் கருத்து இது: "சீனாக்காரன் வாங்கின பிறகு வால்வோ வால்வோ இல்லை. வாங்கினால் பழையதை வாங்கு. இல்லாவிட்டால் சாப்." நம் ஊரில் பல பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஒரு பிராண்டை இன்னொரு கம்பெனி வாங்கினால் அதன் உயிர் போய்விடும், அதிலும் வாங்கியவர் யார் என்பதைப் பொறுத்துப் போகும் என்று. அந்த நம்பிக்கை பாதி சரி, பாதி தவறு. தவறான பாதியை நம்பிக் கார் வாங்கினால் பணம் போவதோடு நிற்காது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சாப் பிறந்தது விமானக் கம்பெனியில். 1937ல் ஸ்வீடன் விமானப்படைக்கு விமானம் செய்வதற்காகத் தொடங்கிய நிறுவனம் அது. போர் முடிந்தபின் விமானத்துக்குத் தேவை குறைந்ததும் கார் பக்கம் திரும்பினார்கள். 1949 கடைசியில் உற்பத்திக்கு வந்த சாப் 92 விமான இறக்கையைப் பக்கவாட்டில் பார்த்த மாதிரி இருக்கும். காற்றைக் கிழிக்கும் உருவம், முன்சக்கர இழுவை. காருக்குப் பழகிய ஆட்கள் செய்திருந்தால் அந்த வடிவம் வந்திருக்காது.

அதே மாதிரி ஒரு சின்ன விஷயம் சாவி. சாப் 99 தொடங்கி, சாவி போடும் துளை ஸ்டியரிங் பக்கத்தில் இல்லாமல் இரண்டு முன்சீட்டுகளுக்கு நடுவில் கீழே இருக்கும். பார்ப்பவர்களுக்கு அது ஸ்டைல். உண்மையில், மோதும்போது ஓட்டுநரின் முழங்கால் சாவியில் இடித்து உடையக்கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம். 1970ல் ஹெட்லைட்டுக்கு வைப்பர், 1972ல் கதவுக்குள் பக்கவாட்டு மோதலைத் தாங்கும் இரும்புச் சட்டம், 1997ல் 9-5 காரோடு பின்னாலிருந்து மோதினால் தானே முன்னால் எழும்பித் தலையைத் தாங்கும் ஹெட்ரெஸ்ட். என் தொழிலில் நான் அதிகம் பார்த்த காயம் கழுத்துக் காயம்தான். ரோபோட்டில் நிற்கும்போது பின்னால் வந்து இடிக்கும் டாக்ஸி, அடுத்த வாரம் கழுத்தைத் திருப்ப முடியாமல் வரும் மனிதர். அந்த ஹெட்ரெஸ்டை யோசித்தவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை.

ஜெனரல் மோட்டார்ஸ் உள்ளே வந்தது 1989 டிசம்பரில். 60 கோடி டாலர் கொடுத்து சாப் கார் பிரிவில் பாதியை வாங்கியது. மீதிப் பாதியை 2000ல் 12.5 கோடி டாலருக்கு வாங்கியது. இந்த இரண்டு தொகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே நடுவில் இருந்த பத்து வருஷத்தில் மதிப்பு எங்கே போனது என்று தெரியும். பெரும்பாலான ஆண்டுகளில் சாப் நட்டத்தில்தான் ஓடியது. சின்னக் கம்பெனி, வருஷத்துக்குச் சுமார் ஒரு லட்சம் கார்கள் விற்பதற்குத் தனி அடித்தளம் (காரின் அடிச்சட்டமும் சக்கர அமைப்பும்) வடிவமைத்துக் கட்டுப்படியாகாது. எனவே 1993ல் வந்த புதிய 900 ஓபெல் வெக்ட்ராவின் அடித்தளத்தில் கட்டப்பட்டது. 2002ல் வந்த 9-3ம் அப்படியே, அடுத்த தலைமுறை வெக்ட்ராவின் அடித்தளம்.

ஆனால் சாப்பின் ஊரான, ஸ்வீடனின் டிரால்ஹாட்டனில் இருந்த பொறியாளர்கள் சொன்னதைக் கேட்டு அப்படியே செய்துவிட்டுப் போகிறவர்கள் இல்லை. கொடுத்த அடித்தளத்தை அறுத்து, வலுவூட்டி, பின் அச்சைத் தங்கள் முறைக்கு மாற்றி, செலவை ஏற்றி, தலைமையகத்தோடு சண்டை போட்டுத்தான் 9-3 வந்தது. யூரோ என்கேப் மோதல் சோதனையில் 2002லேயே அதற்கு 5 நட்சத்திரம். ஆக, ரிசர்வாயர் ஹில்ஸில் நிற்கும் அந்தக் காரின் எலும்பைப் பற்றி எனக்குக் குறை இல்லை. அதன் காலத்துக்கு அது நல்ல எலும்பு. வாங்கிய கம்பெனி பாதுகாப்பைக் கெடுத்துவிட்டது என்று அந்த மாடலைக் காட்டிச் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

கெட்டது வேறு இடத்தில். பொறியாளர்கள் மறுக்க முடியாத இடத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2004ல் அமெரிக்கச் சந்தைக்கு 9-2எக்ஸ் என்று ஒரு கார் வந்தது. அது சுபாரு இம்பிரெசா, மூக்கை மட்டும் மாற்றி ஒட்டியது. அடுத்து 9-7எக்ஸ். அது செவர்லே டிரெயில்பிளேசர், ஒஹாயோவில் செய்யப்பட்டது. லாரி மாதிரி தனிச் சட்டகத்தின் மேல் உடலைத் தூக்கி வைத்த வண்டி. அதில் சாவித் துளையை மட்டும் கவனமாக இரண்டு சீட்டுக்கு நடுவில் கொண்டுபோய் வைத்தார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. முழங்காலைக் காப்பாற்ற யோசித்த ஒன்றை அடையாளப் பொட்டாக மட்டும் எடுத்துக்கொண்டார்கள். யோசித்த முறை அந்த வண்டிக்குள் வரவே இல்லை.

அப்புறம் முடிவு. 2009ல் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலானது. 2010 பிப்ரவரியில் சாப் ஸ்பைக்கர் என்ற சின்ன டச்சுக் கம்பெனியிடம் போனது. அடுத்த வருஷம் பணம் தீர்ந்து, சீன முதலீட்டாளர்கள் வாங்க முன்வந்தபோது ஜெனரல் மோட்டார்ஸ் மறுத்தது: சீனக் கைக்குப் போனால் எங்கள் தொழில்நுட்ப உரிமம் கிடையாது என்று. அடித்தளம் அவர்களுடையது, பாதி உறுப்புகள் அவர்களுடையவை. உரிமம் இல்லாமல் சாப் ஒரு காரும் செய்ய முடியாது. 2011 டிசம்பர் 19ல் சாப் திவால் மனு கொடுத்தது.

இதில்தான் அக்கா மகளுக்கான பதில் இருக்கிறது. தன் எலும்பு தன்னுடையதாக இல்லாத கம்பெனி, முதலாளி கைவிட்ட அன்று எழுந்து நிற்க முடியாது. அந்தக் கம்பெனியின் காரை 2007ல் வாங்கியவர் இன்று ஓர் அநாதையை வைத்திருக்கிறார். ஸ்வீடனில் உதிரிபாகத்துக்கென்று ஒரு நிறுவனம் தொடர்ந்தது, உண்மைதான். ஆனால் சாப் 9-3 கார்களில் டகாட்டா கம்பெனியின் ஏர்பேக் இருந்தது, விரியும்போது வெடித்து உலோகத் துண்டுகளைச் சிதறவிடக்கூடியது, அமெரிக்காவில் அவற்றைத் திரும்ப அழைத்து மாற்றினார்கள். இங்கே ஜெனரல் மோட்டார்ஸ் 2017 கடைசியில் நாட்டைவிட்டே போய்விட்டது, அவர்கள் ஆலையை இசுசு எடுத்துக்கொண்டது. நம் ஊரில் ஒரு பெண் தினமும் 160 கிலோமீட்டர் ஓட்டும் காரில், ஏர்பேக் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள அவளே ஊர் ஊராகக் கேட்டு அலையவேண்டும் என்றால் அது வேண்டாம். கண்ணாடியும் பம்பரும் கிடைக்காவிட்டால் இன்சூரன்ஸ் கணக்கில் சின்ன இடிப்புக்கே கார் கழிந்துவிடும். அதையும் நான் எத்தனையோ அநாதை மாடல்களில் பார்த்திருக்கிறேன்.

இப்போது வால்வோ. கோத்தன்பர்க்கில் 1927ல் தொடங்கியது. டிரால்ஹாட்டனிலிருந்து கோத்தன்பர்க் நம் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் உள்ள தூரம்தான். இரண்டு ஊருக்கும் நடுவில் ஆட்கள் போய் வந்திருக்கிறார்கள். அதில் ஒருவர் நீல்ஸ் போலின். சாப் விமானப் பிரிவில், ஆபத்து வந்தால் விமானியைத் தூக்கி எறியும் இருக்கையை வடிவமைத்தவர். வால்வோ அவரை அழைத்துக்கொண்டது, 1959ல் மூன்று முனை சீட் பெல்ட் வந்தது. காப்புரிமையை வால்வோ பூட்டி வைக்காமல் மற்றவர்களும் செய்துகொள்ள விட்டது. இன்று எந்தக் காரில் ஏறி பெல்ட் மாட்டினாலும் அவர் வேலைதான் உங்கள் மார்பின் குறுக்கே இருக்கிறது.

1970ல் வால்வோ ஒரு விபத்து ஆய்வுக் குழுவை அமைத்தது. ஸ்வீடனில் வால்வோ மோதினால் அந்த இடத்துக்கே போய்ப் பார்த்து அளந்து எழுதிவைக்கும் குழு. பல வருஷத்தில் 43,000 கார்கள், 72,000 மனிதர்கள் என்று தகவல் சேர்ந்தது. 2019ல் அந்த அறிவை எல்லாக் கம்பெனிகளுக்கும் திறந்துவிட்டார்கள். மோதிய காரை எழுதிவைப்பது என் தொழில் என்பதால் இதை நான் மிகவும் மதிக்கிறேன். ஆய்வகத்தில் ஒரே கோணத்தில் சுவரில் மோதவிடுவது ஒரு விஷயம். சாலையில் நிஜமாக எப்படி மோதுகிறது என்று நாற்பது வருஷம் பொறுமையாகச் சேர்ப்பது வேறு. ஒரு கம்பெனியை விற்கும்போது ஆலையும் பெயரும் கைமாறும். இந்தப் பழக்கமும் கூடவே போகிறதா என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

ஃபோர்ட் வால்வோ கார் பிரிவை 1999ல் 645 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த பத்து வருஷத்தில் இரண்டு பக்கமும் பண்டமாற்று நடந்தது. வால்வோவின் பெரிய கார் அடித்தளத்தை ஃபோர்ட் எடுத்துத் தன் ஃபைவ் ஹண்ட்ரட் காருக்கும், பின்னால் எக்ஸ்ப்ளோரருக்கும் பயன்படுத்தியது. எதிர்ப்பக்கமாக, 2004ல் வந்த வால்வோ எஸ்40, ஃபோர்ட் ஃபோகஸும் மாஸ்டா 3ம் பகிர்ந்த அடித்தளத்தில் வந்தது. 2008ன் எக்ஸ்சி60 நின்றது ஃபோர்ட் மொண்டியோ குடும்பத்து அடித்தளத்தில். லேண்ட் ரோவர் ஃப்ரீலேண்டர் 2ம் அதே குடும்பம்.

அத்தான் இதைக் கேட்டதும், "அப்போ எக்ஸ்சி60 என்பது ஃபோர்ட்தானே?" என்றார். நியாயமான கேள்வி. அடித்தளம் பகிர்ந்தால் காரே ஒன்று என்று ஆகுமா?

அதற்குப் பதில் 2012ல் அமெரிக்காவில் கிடைத்தது. அங்கே இன்சூரன்ஸ் கம்பெனிகள் நடத்தும் சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஒரு புதிய சோதனையைக் கொண்டுவந்தது. காரின் முன்பக்கத்தில் ஓட்டுநர் பக்கக் கால்வாசி மட்டும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு தடுப்பில் மோதும். எதிரே வரும் லாரியின் மூலையிலோ மரத்திலோ இடிப்பது மாதிரி. இந்த மோதலில் முன்பக்கத்தின் முக்கியச் சட்டங்கள் ஒதுங்கிப் போய்விடும், சக்கரம் ஓட்டுநரின் காலை நோக்கி வரும். முதல் தடவை சோதித்த 11 சொகுசுக் கார்களில் 'நல்லது' என்ற மதிப்பு இரண்டுக்குத்தான் கிடைத்தது: அக்யூரா டிஎல், வால்வோ எஸ்60. பெயர்பெற்ற ஜெர்மன் கார்கள் எல்லாம் தடுமாறின.

அந்த எஸ்60 ஃபோர்ட் காலத்தில் வடிவமைத்தது. எக்ஸ்சி60ன் அடித்தளக் குடும்பமே அது. சோதனை வரப்போகிறது என்று தெரிந்து அவசரமாகச் செய்ததும் இல்லை. வால்வோ அப்படிப்பட்ட மோதல்களைத் தன் ஆய்வகத்தில் 1980களின் கடைசியிலிருந்தே சோதித்துவந்தது, சாலையில் அதில் மனிதர்கள் சாவதை அந்த ஆய்வுக் குழு எழுதிவைத்திருந்ததால். யாரும் கேட்காத, விளம்பரத்தில் வராத, வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலைக்கு ஃபோர்டின் காலத்திலும் பணம் போனது. போரான் எஃகு போட்ட தூண்களைப் பட்டறையில் பார்த்தவர்களுக்குத் தெரியும். சாதாரணத் துளைப்பான் முனை அதில் மழுங்கிவிடும், சூடாக்கி நிமிர்த்தவும் முடியாது, வெட்டி மாற்றத்தான் வேண்டும். பேனல் பீட்டர்கள் திட்டுவார்கள். எனக்கு அந்தத் திட்டு நல்ல செய்தி.

எக்ஸ்சி60ல்தான் நகர வேகத்தில் முன்னால் நிற்கும் வண்டியைக் கண்டு தானே பிரேக் பிடிக்கும் வசதி முதன்முதலாக வந்தது. தொடக்கத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வரை, 2013 மாற்றத்தில் 50 வரை. என்3ல் லாரிக்குப் பின்னால் வரிசை நிற்கும்போது இரவுப் பணி முடித்த கண்ணுக்கு இது பெரிய துணை.

இருந்தாலும் ஃபோர்டிடமிருந்து வந்த எல்லாம் வரம் இல்லை. எலும்பு வால்வோ சொன்னபடி இருந்தது, இன்ஜின்களில் சில ஃபோர்டுடையவை. முதல் தலைமுறை எக்ஸ்சி60 டி5 (D5) டீசலில் இருப்பது வால்வோவின் சொந்த ஐந்து சிலிண்டர் இன்ஜின். அந்தக் காலத்துப் பெட்ரோல் டி5ல் (T5) இருக்கும் 2.0 லிட்டர் ஃபோர்டுடையது. அவள் வி40 ஒன்றையும் பார்த்துவைத்திருந்தாள், 2013 மாடல், 1.6 லிட்டர் பெட்ரோல். அது ஃபோர்ட் எகோபூஸ்ட் குடும்பத்து இன்ஜின். தென்னாப்பிரிக்காவில் அந்த 1.6ஐ யாரும் மறக்கமாட்டார்கள். 2017 ஜனவரியில் 4,556 ஃபோர்ட் கூகா கார்களைத் தீப்பிடிக்கும் அபாயத்துக்காகத் திரும்ப அழைத்தார்கள். குளிர்நீர் சரியாக ஓடாமல் இன்ஜின் சூடாகி, சிலிண்டர் தலை விரிசல் விட்டு, எண்ணெய் கசிந்து பற்றுவது. வால்வோவில் அதே கோளாறு உண்டு என்று நான் சொல்லவில்லை. அந்தத் திரும்ப அழைப்பு கூகாவுக்குத்தான். ஆனால் பழைய கார் வாங்குகிற ஒருத்தி தேவையில்லாமல் அந்த வரலாற்றைத் தோளில் சுமக்கவேண்டாம் என்று வி40ஐ ஓரம் கட்டினேன்.

2010ல் ஃபோர்ட் வால்வோவை ஜீலி என்ற சீனக் கார் கம்பெனிக்கு 180 கோடி டாலருக்கு விற்க ஒத்துக்கொண்டது, ஆகஸ்ட்டில் கைமாறியது. வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் இந்த விற்பனையில் ஒரு முக்கியமான வித்தியாசம். வால்வோ தொடர்ந்து கார் செய்யத் தேவையான தொழில்நுட்ப உரிமங்களை ஃபோர்ட் விட்டுக்கொடுத்தது. இன்ஜினும் தகட்டு உறுப்புகளும் சில வருஷங்களுக்குத் தருவதாக ஒத்துக்கொண்டது. அடுத்த வருஷம் சாப்புக்கு ஜெனரல் மோட்டார்ஸ் மறுத்தது இதைத்தான். இரண்டும் ஸ்வீடன், இரண்டும் அமெரிக்க முதலாளி, இரண்டுக்கும் சீனக் கை நீண்டது. ஒன்று பிழைத்தது, ஒன்று போனது.

ஜீலியின் சொந்தக் கார் ஒன்று அந்தச் சமயத்தில் லத்தீன் அமெரிக்கச் சோதனையில் ஒரு நட்சத்திரமும் வாங்காமல் நின்றது. எனவே அத்தானின் பயம் அன்றைக்கு நியாயமானதுதான். நடந்தது என்னவென்றால், ஜீலியின் தலைவர் லீ ஷூஃபு கோத்தன்பர்க் பொறியாளர்களிடம் பணத்தைக் கொடுத்து விட்டுவிட்டார். சுமார் 1,100 கோடி டாலர் திட்டம். அதில் வால்வோ தன் சொந்த அடித்தளத்தையும், சொந்த நாலு சிலிண்டர் இன்ஜின் குடும்பத்தையும் கட்டியது. அந்த அடித்தளத்தில் முதலில் வந்தது 2014ல் காட்டிய புதிய எக்ஸ்சி90. 2017ன் எக்ஸ்சி60 யூரோ என்கேப்பில் பெரியவர் பாதுகாப்புக்கு 98 சதவீதம். சின்னக் கார்களுக்கான அடித்தளத்தை ஜீலியோடு சேர்ந்து செய்தார்கள், அதையும் கோத்தன்பர்க்கிலேயே ஒரு மையம் வைத்து. அதிலிருந்து வந்ததுதான் எக்ஸ்சி40, 97 சதவீதம். அறிவு கீழிருந்து மேலே, வால்வோவிலிருந்து ஜீலிக்குப் போனது.

2020 முதல் எல்லா வால்வோவுக்கும் மணிக்கு 180 கிலோமீட்டர் உச்ச வரம்பு வைத்ததும் இந்த முதலாளியின் காலத்தில்தான். விற்பனை குறையலாம் என்று தெரிந்தும் ஒரு பொறியியல் முடிவைத் தடுக்காத முதலாளி. 9-7எக்ஸை நினைத்துக்கொண்டு இதைப் பாருங்கள்.

எனக்குச் சங்கடம் தரும் ஒன்று, மின்சார இஎக்ஸ்30. அதன் அடித்தளம் ஜீலியுடையது, ஸ்மார்ட் காரோடு பகிர்ந்தது. 5 நட்சத்திரம் இருக்கிறது, எலும்பில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஓட்டுநர் கண்முன்னே மானி இல்லை, வேகம்கூட நடுவில் இருக்கும் திரையில்தான். மூடுபனியில் கண்ணைச் சாலையிலிருந்து எடுத்துப் பக்கவாட்டில் பார்க்க வைக்கும் முடிவை அந்த விபத்து ஆய்வுக் குழுவைக் கேட்டு எடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. செலவைக் குறைக்க எடுத்த முடிவு போலத்தான் படுகிறது. அவள் பட்டியலில் அது இல்லை, அதனால் இதோடு விடுகிறேன்.

வீட்டில் ஒருவர், இந்தக் காசுக்குப் புதுசாக ஒரு சின்னக் கார் வாங்கலாமே என்றார். சில புதுசு வாங்கலாம், சில கூடாது. ஆப்பிரிக்காவுக்கென்று 2017ல் குளோபல் என்கேப்பும் தென்னாப்பிரிக்க ஏஏவும் (வாகன ஓட்டிகள் சங்கம்) சேர்ந்து முதல் தடவை சோதித்ததில் செரி கியூகியூ3க்கு ஒரு நட்சத்திரமும் இல்லை, டாட்சன் கோ பிளஸுக்கு ஒன்று. அடுத்த வருஷம் நம் ஊர்ச் சாலையெங்கும் ஓடும் நிசான் என்பி300 பக்கிக்கும் (பிக்கப் வண்டி) சுழியம். புது வாசனை எலும்பு ஆகாது.

சரி, முடிவுக்கு வருகிறேன். சாப் வேண்டாம். நல்ல கார், நல்ல மனிதர் வைத்திருந்த கார், ஆனாலும் அவளுடைய வேலைக்கு வேண்டாம். எக்ஸ்சி40 மூன்றில் மிகவும் பாதுகாப்பானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் கம்யூனிட்டி சர்வீஸ் சம்பளத்தில் அந்தக் கடன் தவணை கட்டினால் டயரிலும் பிரேக்கிலும் மிச்சம் பிடிக்கத் தோன்றும். மழை நாளில் என்3ல் தேய்ந்த டயரோடு போகும் 97 சதவீதக் காரைவிட நல்ல டயர் போட்ட பழைய எக்ஸ்சி60 எனக்கு உசத்தி.

நான் சொன்னது முதல் தலைமுறை எக்ஸ்சி60ன் கடைசி வருஷங்கள்: 2015, 2016, 2017. உடல் ஃபோர்ட் காலத்தில் வடிவமைத்தது, ஏழெட்டு வருஷத்தில் கோளாறுகள் எல்லாம் தெரிந்து திருத்தப்பட்டது. முன்சக்கர இழுவை டி4 (D4) டீசலில் இருப்பது ஜீலி காலத்துப் பணத்தில் வால்வோவே செய்த 2.0 லிட்டர் இன்ஜின், எட்டு கியர் ஆட்டோமேட்டிக். அதாவது முதல் முதலாளியின் காலத்து எலும்பும் இரண்டாம் முதலாளியின் காலத்து இதயமும் ஒரே காரில். வெஸ்ட்வில்லில் ஒன்று, மவுன்ட் எட்ஜ்கோம்பில் ஒன்று விற்பனைக்கு இருக்கின்றன. அத்தானும் இதற்கு ஒத்துக்கொண்டார், "ஸ்வீடனில் செய்ததா என்று மட்டும் பார்" என்றார். பெல்ஜியத்தில் கென்ட் நகரத்தில் செய்தது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

சனிக்கிழமை போய்ப் பார்க்கும்போது அவள் கேட்கவேண்டியதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். சர்வீஸ் புத்தகம் முழுசாக இருக்கவேண்டும், டைமிங் பெல்ட் கணக்கும் அதில் இருக்கவேண்டும். முன் கண்ணாடி மாற்றியிருந்தால், அதன் பின்னால் இருக்கும் சென்சாரைத் திரும்ப அளந்து சரிசெய்தார்களா என்று ரசீதோடு காட்டவேண்டும். இல்லாவிட்டால் தானே பிடிக்கும் பிரேக் எங்கே பார்க்கிறது என்று யாருக்கும் தெரியாது. கூரைத் தூண் ஓரத்தில் பெயின்ட் தடிமன் மாறியிருந்தால் எனக்குப் போன் செய்யவேண்டும், பேரம் பேசக்கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் சேஸி எண்ணை வைத்து, வால்வோ சர்வீஸ் சென்டரில் ஒரு கேள்வி. 2020 ஜூலையில் வால்வோ உலகம் முழுக்க 21 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது. 2006 முதல் 2019 வரை செய்த பல மாடல்கள், முதல் தலைமுறை எக்ஸ்சி60ம் அதில் உண்டு. முன்சீட் பெல்ட்டைப் பிடித்திருக்கும் எஃகுக் கம்பிவடம் காலப்போக்கில் தளர்ந்து தேயலாம் என்பது காரணம். போலின் கொடுத்த அதே பெல்ட். அத்தனை பழைய கார்களையும் கணக்கெடுத்துக் கூப்பிட ஒரு கம்பெனி உயிரோடு இருக்கிறது, அதனால்தான் இந்தக் காரை வாங்கச் சொல்கிறேன். அந்த வேலை முடிந்ததா என்று திரையைப் பார்த்துச் சொல்லச் சொல், முடியவில்லை என்றால் அதை முடித்துக் கொடுத்த பிறகுதான் பணம் என்று விற்பவரிடம் சொல் என்றேன். "சரி மாமா, திங்கட்கிழமை டூட்டிக்குப் போகும்முன் போன் பண்ணிக் கேட்கிறேன்" என்றாள்.